ரயிலின் கடைசி வண்டி: மரத்தில் ஒரு கார்டு வண்டி அமைத்தல்

ரயில் வருகிறதென்றால் சிறுவர் முதல் முதியோர் வரை யாவரும் முதலில் நோக்குவது எஞ்சினையே. நிலையத்தில் பணிபுரிவோரின் நோக்கு வேறு. பெங்களூரிலிருந்து ஒசூர், தருமபுரி வழியாகச் சேலம் செல்லும் பாதையில், ஒசூருக்குச் சற்று முன்னதாக ஆனேக்கல் ரோடு என்றொரு நிலையம் உண்டு. ஆனேக்கல் ஊரிலிருந்து சிறிது தொலைவில் அமைந்த சாதாரண நிலையம் அது. அங்கே நில்லாமல் ஒரு சரக்கு ரயில் கடந்து செல்லும்போது மேடையில் நிற்கும் ஊழியரைக் கவனித்தால் ஒன்று புலப்படும். எஞ்சின் தம்மைக் கடந்ததும் அவர் திரும்பிப் போய்விடுவதில்லை. பச்சைக் கொடியைப் பிடித்தவாறே கடைசி வண்டி கடக்கும் வரையில் காத்து நிற்கிறார். அதன் பின்புறத்தில் ‘எல்.வி.’ என்ற எழுத்துக்கள் பொறித்த பலகையோ, இரவானால் சிவப்பு விளக்கோ இருப்பதைக் கண்ணாரக் கண்ட பிறகே அவர் தம் கடமை முடிந்ததாகக் கொள்கிறார். ‘கடைசி வண்டி’ என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே அவை.

ஒரு ரயில் முழுமையாக வந்து சேர்ந்தது என்பதற்கு அக்கடைசி வண்டியே சாட்சி. இச்சிறிய உண்மையைப் பள்ளி மாணவருக்கு விளக்குவதற்கு ஏற்ற சாதனம் ஒன்றை, தச்சுப் பட்டறையில் எஞ்சும் மரத்துண்டுகளைக் கொண்டே ஆசிரியர்கள் அமைத்துக்கொள்ளலாம். சரக்கு ரயிலின் இறுதியில் செல்லும் கார்டு வண்டியின் மர மாதிரியே அது. அதனை அமைக்கும் முறையையும், அதன் ஒவ்வோர் உறுப்பும் எக்காரணத்தால் ஏற்பட்டது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கடைசி வண்டியின் கடமை

முற்காலச் சரக்கு ரயில்களில் எஞ்சினுக்கு மட்டுமே ஓட்டுநர் இயக்கக்கூடிய பிரேக் இருந்தது. இடையிலுள்ள வண்டிகள் சங்கிலிகளால் தளர்வாக இணைக்கப்பட்டிருந்தன. எஞ்சின் வேகத்தைக் குறைத்தால் வண்டிகள் ஒன்றையொன்று முட்டும். வேகத்தைக் கூட்டினால் சங்கிலிகள் வெடுக்கென்று இழுபட்டுச் சில வேளைகளில் அறுந்தும் போகும். ஆகையால் ரயிலின் இறுதியில் கனமானதொரு வண்டியை இணைத்து, அதில் ஒரு மனிதரையும் ஒரு கைப்பிரேக்கையும் வைத்தனர். இறக்கத்தில் அவர் பிரேக்கை இறுக்கிச் சங்கிலிகள் தளராமல் காப்பார். ஏற்றத்தில் சங்கிலி அறுந்தால், பின்னோக்கி உருள முயலும் வண்டிகளைப் பிடித்து நிறுத்துவார். பின்புறத்து விளக்கைப் பேணுவதும், வண்டிகளில் தீயோ அச்சுச் சூடோ தோன்றுகிறதா என்று கண்காணிப்பதும் அவருடைய பொறுப்பே. அமெரிக்காவில் ‘கபூஸ்’ என்று வழங்கிய வண்டியும் இத்தகையதே. ரயில் முழுவதையும் மேலிருந்து பார்ப்பதற்கென அதன் கூரையில் சிறு கண்ணாடிக் கூண்டு ஒன்று அமைந்திருந்தது. நம் நாட்டு வண்டிகளிலோ இரு முனைகளிலும் திண்ணை போன்ற திறந்த பகுதி அமைந்தது. அதில் நின்றுகொண்டே கார்டு கொடி காட்டலாம்.

இக்கடமை எத்துணை இன்றியமையாதது என்பதை 1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அயர்லாந்தில் ஆர்மா நகருக்கு அருகே நிகழ்ந்த விபத்து உலகுக்கு உணர்த்தியது. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளை உல்லாசப் பயணம் அழைத்துச் சென்ற ரயில் அது. 75 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் எஞ்சினால் மேற்கொண்டு இழுக்க இயலவில்லை. ஆகவே ரயிலை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் கொண்டு செல்லத் தீர்மானித்தனர். அந்த ரயிலின் பிரேக்கு, குழாயைப் பிரித்தால் தானாகப் பற்றும் வகையைச் சேர்ந்ததன்று. பிரித்த மாத்திரத்தில் பின்பகுதி பெட்டிகளின் பிரேக்குகள் யாவும் விடுபட்டன. பிரிக்கப்பட்ட 10 பெட்டிகளையும் தாங்கி நின்றது இறுதி வண்டியின் கைப்பிரேக் ஒன்றே. சக்கரங்களின் பின்னே கற்களையும் வைத்தனர். முன்பகுதி புறப்படுமுன் சற்றே பின்னோக்கி அசைந்து இடித்தது. கற்கள் நொறுங்கின, கைப்பிரேக் தாங்கவில்லை, பெட்டிகள் சரிவில் ஓடிப் பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு ரயிலின்மீது மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், பிரயாணி ரயில்களில் தானியங்கித் தொடர் பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

தானியங்கிப் பிரேக்கின் தத்துவம் எளிதே. ரயிலின் நெடுகிலும் ஒரு குழாய் செல்கிறது. அதில் அழுத்தம் இருக்கும் வரையில் பிரேக்குகள் விடுபட்டிருக்கும்; குழாய் எங்கேனும் அறுந்து அழுத்தம் குறைந்தால் அவை யாவும் தாமே பற்றிக்கொள்ளும். அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-இல் காற்றுப் பிரேக்குக்கும், பின்னர் 1872-இல் இத்தானியங்கி முறைக்கும் உரிமை பெற்றார். இந்தியாவில் நெடுங்காலம் வெற்றிடப் பிரேக்குகள் வழங்கி, பின்னர் காற்றுப் பிரேக்குகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. காற்றுப் பிரேக்குக் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோகிராம் அழுத்தம் எஞ்சினில் பராமரிக்கப்படுகிறது. அது ரயிலின் கடைக்கோடி வரை எட்டியுள்ளதா என்பதைக் கார்டு வண்டியிலுள்ள அழுத்தமானி காட்டும். அவசரமாயின் கார்டு ஒரு வால்வைத் திறந்து, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி ரயிலை நிறுத்தலாம்.

இப்போது இவ்வமைப்பும் மாறி வருகிறது. அமெரிக்காவில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கபூஸ்களின் இடத்தை, ரயிலின் இறுதியில் மாட்டப்படும் சிறிய மின்னணுக் கருவிகள் பிடித்தன. இந்திய ரயில்வேயிலும் அத்தகைய கருவிகளைக் கையாளும் முயற்சி நடைபெற்று வருகிறது. ஒரு பகுதிக்குள் நுழைந்த அச்சுகளையும் வெளியேறிய அச்சுகளையும் எண்ணி ஒப்பிடும் அச்சு எண்ணிகளும் பல பாதைகளில் உள்ளன. கார்டு என்ற பதவிப் பெயரும் 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் ‘ரயில் மேலாளர்’ என்று மாற்றப்பட்டது. பொதுமக்கள் நாவில் பழகிய சொல்லாதலின், இக்கட்டுரையில் கார்டு என்றே வழங்குகிறோம். இன்று வகுப்பில் அமர்ந்துள்ள குழந்தைகள் வளர்ந்த பின் இவ்வண்டியைக் காண்பார்களோ என்பது ஐயமே. ஆயினும் ‘ரயில் முழுமையாக வந்ததா?’ என்ற வினா மறையாது. அதற்கு விடை கூறும் கருவிதான் மாறுகிறது.

அளவைத் தேர்தல்

மாதிரி அமைப்பதில் முதற்கண் தீர்மானிக்க வேண்டியது விகிதம். மேல்நாடுகளில் கார்டு வண்டியின் மர மாதிரிக்கு வேண்டிய உறுப்புக்களை வெட்டி, கோடு கீறி, வார்ப்பு உலோக உறுப்புக்களுடன் ஒரு பெட்டியில் தொகுத்து விற்கும் வழக்கம் உண்டு. அங்கே பரவலாக வழங்கும் விகிதம் 87-இல் 1 ஆகும். அதில் அமைந்த வண்டி உள்ளங்கையில் அடங்கிவிடும். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில் அதைக் காட்டுவதால் பயனில்லை. 20-இல் 1 என்ற விகிதமே வகுப்பறைக்கு ஏற்றது; கணக்கிடவும் எளிது. மெய்யளவை மில்லிமீட்டரில் எழுதி 20-ஆல் வகுத்தால் போதும்.

நம் நாட்டு அகலப் பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 1676 மி.மீ. மாதிரியில் அது 84 மி.மீ. ஆகும். இவ்விடத்தில் ஆசிரியர் உள்ளூர் வரலாற்றையும் இணைத்துக் கூறலாம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும், பின்னர் அங்கிருந்து ஒசூருக்கும் 762 மி.மீ. குறுகிய பாதையொன்று இடப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது கைவிடப்பட்டது. பிற்காலத்தில் பெங்களூர், சேலம் நகரங்களை இணைத்து இடப்பட்ட பாதை முதலில் 1000 மி.மீ. அகலமுடைய மீட்டர் பாதையாயிருந்து, பின்னர் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. ஒரு பலகையில் 38, 50, 84 மி.மீ. இடைவெளியுள்ள மூன்று சோடிச் சட்டங்களை அருகருகே பதித்து வைத்தால், இவ்வட்டாரம் கண்ட மூன்று பாதைகளும் மாணவர் கண்முன் நிற்கும்.

சக்கரத்தின் விட்டத்தை 1000 மி.மீ. எனக் கொண்டால் மாதிரியில் 50 மி.மீ. தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து பஃபரின் நடுமையம் வரையுள்ள உயரம், வெற்று வண்டியில் மிகுதியாக 1105 மி.மீ.; மாதிரியில் 55 மி.மீ. இரு பஃபர்களின் மையங்களுக்கு இடையே 1956 மி.மீ.; மாதிரியில் 98 மி.மீ. இப்போதைய சரக்கு வண்டிகள் பலவற்றில் இருபுறப் பஃபர்களுக்குப் பதிலாக நடுவில் ஒரே இணைப்பு அமைந்துள்ளது. நாம் அமைப்பது மரத்தாலான பழைய நான்கு சக்கர வண்டியாதலின் பஃபர்களையே கொள்வோம்.

மற்ற அளவுகளைக் கண்டறிய ஓர் எளிய வழியுண்டு. நிற்கும் வண்டி ஒன்றின் பக்கவாட்டுத் தோற்றத்தை, நேர் எதிரே சற்றுத் தொலைவில் நின்று எடுத்த படம் ஒன்றைப் பெறுக. படத்தில் சக்கரத்தின் விட்டத்தை அளந்து அதனையே அளவுகோலாகக் கொள்க. சாளரத்தின் உயரம் சக்கர விட்டத்தில் பாதி என்றால் அது 500 மி.மீ.; மாதிரியில் 25 மி.மீ. நிலையத்தில் படம் எடுப்பதாயின் அதிகாரியின் இசைவு பெற்று, மேடையில் நின்றே எடுத்தல் வேண்டும். மைசூரிலுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குச் செல்லும் மாணவர் குழு பழைய வண்டிகளை அருகில் நின்று பார்த்து அளவு குறித்துக்கொள்ளலாம்.

தொடக்கமாக ஒரு பொது அளவு தருகிறோம். இது குறிப்பிட்ட எவ்வண்டியின் துல்லிய அளவும் அன்று. அமைப்பதற்கு வசதியான விகிதமே. தளத்தின் நீளம் 300 மி.மீ., அகலம் 140 மி.மீ.; முன்பின் அச்சுகளுக்கு இடையே 190 மி.மீ.; தளத்திலிருந்து பக்கச் சுவரின் உயரம் 110 மி.மீ.; இரு முனைகளிலும் திண்ணைக்காக 50 மி.மீ. விடவேண்டும்.

மரமும் கருவிகளும்

உண்மை வண்டிக்குத் தேக்கு சிறந்தது. மாதிரிக்கு அது ஏற்றதன்று. தேக்கின் இழைகள் 20-இல் 1 அளவில் மிகப் பெரியனவாகத் தோன்றிப் பலகையின் அளவு பற்றிய மயக்கத்தை உண்டாக்கும். மாதிரிக்கு வேண்டுவது இழை நெருங்கிய, வெளிறிய, மென்மையான மரம். சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்குக் கடைசல்காரர் கையாளும் வெட்பாலை இதற்கு மிகப் பொருத்தம். அது கிடையாவிடில் 3 மி.மீ. ஒட்டுப்பலகையைச் சுவர்களுக்கும் தளத்துக்கும் கொள்ளலாம். சக்கரங்களை உள்ளூர்க் கடைசல் பட்டறையில் கடைந்து வாங்குவது நலம்; நான்கும் ஒரே விட்டமாயிருத்தல் வேண்டும். இருபுறச் சக்கரங்களின் விட்டம் வேறுபட்டால் வண்டி நேராக ஓடாது.

ரம்பம், சிறு உளி, இழைப்புளி, மூலமட்டம், அரம், கைத்துளைப்பான், உப்புத்தாள், தச்சர் கையாளும் வெள்ளைப் பசை ஆகியவை போதுமான கருவிகள். அறுத்த துண்டுகளை உடனே ஒட்டலாகாது. ஈரமுள்ள மரம் உலரும்போது இழைக்குக் குறுக்காகச் சுருங்கும். நீளவாட்டில் சுருங்குவது மிகச் சொற்பம். ஆகவே அறுத்தவற்றைச் சில வாரம் நிழலில் காற்றாட வைத்த பின் ஒட்டினால் மூட்டுக்கள் விலகா.

அமைக்கும் முறை

முதலில் அடிச்சட்டம். தளப் பலகையின் அடியில் நீளவாட்டில் இரண்டு சட்டங்களையும், முனைகளில் இரண்டு குறுக்குச் சட்டங்களையும் மூலமட்டம் வைத்துச் செங்கோணமாக ஒட்டுக. இச்சட்டம் கோணினால் மேலே எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் வண்டி ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டே நிற்கும். கண்ணாடிப் பலகைமேல் வைத்து அசைத்துப் பார்த்து, நான்கு மூலைகளும் படிவதை உறுதி செய்க.

அடுத்து அச்சுகள். 3 மி.மீ. எஃகுக் கம்பியை அச்சாகக் கொண்டு, சக்கரங்களை அதன் முனைகளில் அசையாது பொருத்துக. உண்மை வண்டியில் சக்கரமும் அச்சும் ஒன்றாகவே சுழலும். மாட்டு வண்டியைப் போல் அச்சு நிற்கச் சக்கரம் மட்டும் சுழல்வதில்லை. மாணவருக்கு இவ்வேற்றுமையைச் சுட்டிக்காட்டுதல் தகும். அச்சின் தாங்கிகளாகப் பித்தளைக் குழாய்த் துண்டுகளை அடிச்சட்டத்தில் பதித்து ஒரு துளி எண்ணெய் இடுக.

மூன்றாவதாகச் சுவர்கள். முற்காலத்து வண்டிச் சுவர்கள் ஏறத்தாழ 150 மி.மீ. அகலமுள்ள பலகைகளால் ஆனவை என்று கொண்டால், மாதிரியில் ஒவ்வொன்றும் 7.5 மி.மீ. அகலமாகும். ஒட்டுப்பலகையில் இந்த இடைவெளியில் மழுங்கிய கத்தி முனையால் கோடு கீறினால் போதும். கூர்முனையால் கீறினால் இழை கிழிந்து பிசிறும். சாளரங்களையும் கதவுகளையும் சுவரை ஒட்டுமுன்பே வெட்டிவிட வேண்டும். சுவர்கள் நான்கையும் நிறுத்தி, உள்மூலைகளில் சதுரக் குச்சிகளை ஒட்டி வலுப்படுத்துக.

கூரை வளைந்தது. வளைவான மூன்று குறுக்குத் துண்டுகளின்மேல் மெல்லிய மூங்கிற் சிம்புகளை அடுக்கி ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, அதன்மேல் பசையில் தோய்த்த பழைய மல் துணியை இழுத்துப் பரப்புக. மரக்கூரையின்மேல் கித்தானைப் பரப்பி வர்ணம் பூசிய பழைய முறையும் இதுவே. கூரையை ஒட்டிவிடாமல் கழற்றக்கூடியதாக விடுக. உள்ளே கார்டின் இருக்கையும், பெட்டி வைக்கும் இடமும், கைப்பிரேக்கும் மாணவர் காணத்தக்கவை.

நுண்ணுறுப்புக்கள்

மாதிரி அமைப்போர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒவ்வோர் உறுப்பையும் 20-ஆல் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். கைப்பிடிக் கம்பிக்குச் சைக்கிள் ஆரக்காலைப் பொருத்தலாம் என்று தோன்றும். அதன் கனம் 2 மி.மீ.; உண்மையில் அது 40 மி.மீ. குழாயாகும், இக்கைப்பிடிக்கு அது மிகத் தடித்தது. 1.2 மி.மீ. கம்பியே சரியான அளவு. 12 மி.மீ. ஆணித்தலை மாதிரியில் 0.6 மி.மீ. தான், குண்டூசித் தலையும் அதனினும் பெரிது. ஆகவே ஆணிகளை ஊசி முனையால் குத்திய புள்ளிகளாகக் காட்டுதல் நலம். வர்ணத்தின் கனத்தையும் கருதுக. 0.1 மி.மீ. கனமுள்ள பூச்சு உண்மையில் 2 மி.மீ. கனமாகிவிடும், கீறிய கோடுகள் யாவும் அடைந்துபோகும். மெல்லிய பூச்சுக்கள் இரண்டு இடுவது, தடித்த பூச்சு ஒன்றினும் மேலானது.

படிகளின் உயரத்தைச் சரிபார்க்க ஒரு மனித உருவம் உதவும். 1650 மி.மீ. உயரமுள்ள மனிதர் மாதிரியில் 82 மி.மீ. உயரமாவார். தடித்த அட்டையில் அவ்வுருவை வெட்டித் திண்ணையில் நிறுத்துக. அவர் கை கைப்பிடிக்கு எட்டுகிறதா, தலை கூரையில் இடிக்கிறதா, அமர்ந்தால் கண் சாளரத்துக்கு நேராக வருகிறதா என்று பார்த்தால் எங்கே பிழை என்பது உடனே விளங்கும்.

இறுதியாகக் கடைசி வண்டிப் பலகையும் பின்விளக்கும். இவை இரண்டையும் ஒட்டலாகாது. கொக்கியில் மாட்டிக் கழற்றும்படி அமைக்க வேண்டும். காரணம் பின்னர் விளங்கும்.

சுழலும் பிரேக்கு

இக்கட்டுரையாளர் முதன்முதலில் அமைத்த மாதிரியில் கைப்பிரேக்கின் சக்கரம் வெறும் அலங்காரமாகவே ஒட்டப்பட்டிருந்தது. அதைக் கண்ட ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, “இதைச் சுற்றினால் வண்டி நிற்குமா, ஐயா?” என்று கேட்டாள். நிற்காது என்று சொல்ல நேர்ந்தது. “அப்படியானால் இது எதற்கு?” என்ற அவளுடைய இரண்டாவது கேள்விக்கு விடையில்லை. அன்று மாலையே தளத்தைப் பிரித்துப் பிரேக்கு அமைக்கும் வேலை தொடங்கிற்று.

அமைப்பு கடினமானதன்று. தளத்தின் வழியே செங்குத்தாக 4 மி.மீ. திருகாணி ஒன்றைச் சுழலும்படி நிறுத்துக. அதன் மேல்முனையில் கைச்சக்கரம். தளத்துக்குக் கீழே, தான் சுழலாமல் மேலும் கீழும் மட்டும் நகரக்கூடிய மரை. இத்திருகாணியின் ஒரு சுற்றுக்கு மரை 0.7 மி.மீ. நகரும், பத்துச் சுற்றுக்கு 7 மி.மீ. தளத்தின் அடியில், இரு அச்சுகளுக்கும் நடுவே, ஒரு சிறு மரக்கையை அதன் நடுவில் ஆணியடித்து மேலும் கீழும் நிமிர்ந்து நிற்கும்படி பொருத்துக. மரையிலிருந்து வரும் உறுதியான நூலை ஒரு சிறு கப்பியின்மேல் திருப்பி இக்கையின் மேல்முனையில் கட்டுக. நூல் இழுபட்டதும் கையின் மேல்முனை ஒரு பக்கமும் கீழ்முனை மறுபக்கமும் நகரும். அம்முனைகளில் இணைத்த தள்ளுகோல்கள் முன் அச்சின் சக்கரங்களையும் பின் அச்சின் சக்கரங்களையும் மரக்கட்டைகளால் அழுத்தும். பிரேக்கை விடுவிக்க, எதிர்ப்புறம் ஒரு மெல்லிய சுருள்வில் போதும். நான்கு சக்கர வண்டிகளின் உண்மைப் பிரேக்கும் ஏறத்தாழ இத்தத்துவத்தில் இயங்குவதே.

மூன்று சோதனைகள்

ஒரு மீட்டர் நீளமுள்ள வழவழப்பான பலகையே பாதை. ஒரு முனையின் அடியில் கட்டைகளை அடுக்கிச் சாய்வை மாற்றலாம். உயரத்தை அடித்தளத்தின் கிடைநீளத்தால் வகுத்தால் கிடைப்பது சாய்வு.

முதற் சோதனை: பிரேக்கை முழுவதும் இறுக்கி வண்டியைப் பலகைமேல் வைத்து மெல்ல உயர்த்துக. எந்தச் சாய்வில் வழுக்கத் தொடங்குகிறதோ, அதுவே சக்கரத்துக்கும் பலகைக்கும் இடையிலுள்ள உராய்வுக் கெழு. அது 0.3 என்று வைத்துக்கொள்வோம். இனி வண்டியில் எடைக்கட்டிகளை ஏற்றி மீண்டும் செய்க. எடை கூடியும் ஏறத்தாழ அதே சாய்வில்தான் வழுக்கும். ‘கனமான வண்டி நன்றாக நிற்கும்’ என்று எதிர்பார்த்த மாணவர் வியப்படைவர்.

இரண்டாம் சோதனை: 500 கிராம் எடையுள்ள கார்டு வண்டியுடன், பிரேக்கு இல்லாத 500 கிராம் வண்டிகள் இரண்டை இணைத்துப் பலகையில் நிறுத்துக. இப்போது தாங்குவது 500 கிராம். தாங்கப்படுவது மொத்தம் 1500 கிராம். 0.3-ஐ 500-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் 0.1. அதாவது கிடைநீளம் ஒரு மீட்டருக்குச் சுமார் 10 செ.மீ. உயர்ந்ததும் யாவும் சரியும். இனி கார்டு வண்டியின் எடையை 1 கிலோவாக்குக. கணக்கின்படி சாய்வு 0.15, 15 செ.மீ. வரை தாங்கும். 2 கிலோவாக்கினால் 0.2. தனியே நிற்கையில் பயன்படாத எடை, பிறரைத் தாங்கும்போது பயன்படுகிறது. கார்டு வண்டியில் வேண்டுமென்றே கனத்தை ஏற்றியதன் காரணம் இதுவே. அச்சுகளின் உராய்வால் உங்கள் விடை சற்று மிகுதியாக வரலாம். எவ்வளவு மிகுதி என்பதைக் கணக்கிடுவதும் நல்ல பயிற்சியாகும்.

இவ்விரண்டின் பின், ஒரு மீட்டருக்கு 13 மி.மீ. மட்டும் உயர்த்திக் காட்டுக. ஆர்மாவின் ஏற்றம் இவ்வளவே. கண்ணுக்குச் சமதளம் போலவே தோன்றும். மர மாதிரி தன் அச்சுராய்வினால் இச்சாய்வில் அசையாமலும் இருக்கலாம். எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரத்தில் ஓடும் உண்மை வண்டிக்கோ இது போதும். எடையெல்லாம் சேர்ந்து கீழ்நோக்கி ஓடத் தொடங்கிவிடும். எஃகின்மேல் எஃகு எளிதாக உருள்வதனாலேயே ரயிலால் பெருஞ்சுமையை இழுக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் அதனை நிறுத்துவதும் அரிதாகிறது.

மூன்றாம் சோதனைக்குப் பலகை வேண்டியதில்லை. மேசைமேல் ஒரு நீண்ட பாதையை வரைந்து, நடுவில் ஒரு மாணவரை நிலைய அதிகாரியாக நிறுத்துக. மற்றொருவர் வண்டித் தொடரை அவர்முன் இழுத்துச் செல்லட்டும். வண்டிகளின் எண்ணிக்கை அதிகாரிக்கு முன்கூட்டித் தெரிதல் ஆகாது. சில வேளை முழுத் தொடரும், சில வேளை கடைசியில் ஒன்றிரண்டை மறைவில் விட்டுவிட்ட தொடரும் வரட்டும். பின்னால் காத்திருக்கும் அடுத்த ரயிலுக்கு வழி விடலாமா என்று ஒவ்வொரு முறையும் அவர் சொல்ல வேண்டும்.

எஞ்சினை மட்டும் பார்க்கும் மாணவர் தவறிவிடுவார். வண்டிகளை எண்ண முயல்பவரும் விரைவில் தடுமாறுவார். சிறிது நேரத்தில் யாரேனும் ஒருவர், எதையும் எண்ணாமல், கழற்றி மாட்டக்கூடிய அந்தச் சிறு பலகையை மட்டும் எதிர்நோக்கி நிற்பதைக் காணலாம். அது கடந்தால் ‘வழி உண்டு’. அது வராவிட்டால் ‘வழி இல்லை’. ஆனேக்கல் ரோடு நிலையத்தின் மேடையில் கொடியுடன் நிற்பவர் ஒவ்வொரு ரயிலுக்கும் செய்வதும் அதுவே.